பங்காளி இல்லாத எண்

கூறாம்பாளையத்துக்காரர்களுக்குப் பங்கு போடத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்பது அவர்களுடைய பெருமை. அதைக் கேட்டுக் கேட்டுச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் காது புளித்துப் போயிருந்தது. அண்ணன் தம்பி பிரிந்தால் வீட்டின் நடுவே சுவர் எழுப்புவது எந்த ஊரிலும் நடக்கிற காரியம்தான். இங்கே கட்டிலை நட்டநடுவில் ரம்பம் வைத்து அறுத்து ஆளுக்கு இரண்டு காலாகத் தூக்கிக்கொண்டு போய், அறுத்த பக்கத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து நிம்மதியாகப் படுத்துக்கொள்வார்கள்; பித்தளை அண்டாவை வாயிலிருந்து அடிவரைக்கும் பிளந்து ஆளுக்கொரு பாதியைச் சுவரில் சாத்தி வைப்பார்கள், தண்ணீர் பிடிக்க உதவாவிட்டாலும் பாதி என்னுடையது என்று பார்த்துக்கொண்டிருக்கலாம் அல்லவா. இரண்டால் வகுத்து மிச்சம் ஒன்று நின்றால் அந்த ஒன்றை வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். நாச்சிமுத்துவும் அவன் தம்பி தெய்வசிகாமணியும் பிரிந்தபோது தோப்பில் பதின்மூன்று தென்னை நின்றது. ஆளுக்கு ஆறு எடுத்துக்கொண்டு, காய்த்துக் குலுங்கிய பதின்மூன்றாவதை வெட்டி விறகாக்கி, அந்த விறகையும் தராசு வைத்துப் பிரித்துக்கொண்டார்கள்.

வடக்குப் பாதி வீடு மூத்தவன் நாச்சிமுத்துவுக்கு வந்தது. தெற்குப் பாதியும் மாட்டுக் கொட்டகையும் சிகாமணிக்குப் போனது. இரண்டு வீட்டுக்கும் முன்னால் ஓடுகிற தடமும் கிணற்றடியும் பொது என்று ஆனது. எல்லாம் முடிந்து எழுந்து வேட்டியைத் தட்டிக்கொள்ளும்போதுதான் அக்கா ஞாபகம் வந்தது. வள்ளியாத்தாள் இருவருக்கும் மூத்தவள். சிகாமணியைப் பெற்றுப்போட்டுவிட்டு அம்மா கண்ணை மூடியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாக வளர்த்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இந்த ரெண்டையும் என்ன செய்வது என்று கேட்டாள், யாரும் பதில் சொல்லாததால் யாரோடும் போகவில்லை. அப்படிப்பட்ட அக்காவை ஒருத்தன் மட்டும் வைத்துக்கொண்டால் மற்றவன் சும்மா இருப்பானா. ஆகவே வளர்பிறைக்கு வடக்கு வீடு, தேய்பிறைக்குத் தெற்கு வீடு என்று அவளையும் பங்கு போட்டார்கள். அமாவாசை கழிந்த மறுநாள் வள்ளியாத்தாள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தடத்தில் நடந்து நாச்சிமுத்து வீட்டுக்குப் போவாள். பௌர்ணமி கழிந்த மறுநாள் அதே பெட்டியோடு திரும்புவாள்.

நியாயமான பங்குதான். ஆனால் நாச்சிமுத்துவுக்கு மனசு ஆறவில்லை. தேய்பிறை முழுக்க அவன் நடுச்சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தப் பக்கம் அக்கா சிரித்தால் இங்கே இப்படிச் சிரித்தாளா என்று யோசிப்பான். அந்தப் பக்கம் தாளிக்கிற வாசம் வந்தால், நமக்குப் போடுவதைவிட ஒரு மிளகாய் கூடப் போட்டிருக்கிறாள் என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவான். தன் வீட்டில் அவள் இளைக்கிறாள், அங்கே போனால் ஒரு சுற்றுப் பருக்கிறாள் என்பது அவன் கண்டுபிடிப்பு. பங்காளிக் காய்ச்சல் என்று மற்ற ஊர்களில் பேச்சுக்குச் சொல்வது, கூறாம்பாளையத்தில் நிஜமாகவே உடம்பு சுடுகிற காய்ச்சல். ஆஸ்பத்திரி நர்ஸ் தெர்மாமீட்டரை உதறிப் பார்த்துவிட்டு, யாரு, அண்ணனா தம்பியா என்றுதான் முதலில் கேட்பாள். தேய்பிறை வந்தால் நாச்சிமுத்துவுக்குக் காய்ச்சல் வரும் என்பது ஊருக்கே தெரியும். அவன் மனைவி பாவாத்தாள் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

அந்த எண் வந்ததும் ஒரு தேய்பிறையில்தான். ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், பொதுத் தடத்தில் தேங்கிய தண்ணீரை மிதித்துக்கொண்டு, முன்னால் ஒரு ஏழும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மூன்றும் அதன் பின்னால் ஒரு ஒன்பதும் அப்புறம் ஒரு மூன்றும் ஒரு ஒன்பதும் ஒரு ஒன்றும் கடைசியில் சின்னதும் பெரியதுமில்லாத இரண்டு மூன்றுகளுமாக, கன்றுக்குட்டி உயரத்தில், நனைந்த இரும்பு நிறத்தில், வரிசை கலையாமல் நடந்து வந்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, சிகாமணியின் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்து வைக்கோல் மேல் உட்கார்ந்துகொண்டன. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. மாடு கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. சிகாமணியின் மனைவி சுலோச்சனா வந்து எட்டிப் பார்த்து, வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது என்று ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள். ஏழு மட்டும் குடித்தது, மற்றவை கூச்சப்பட்டன.

அன்றிலிருந்து தெற்கு வீட்டில் எதுவும் இரண்டாகவில்லை. சுலோச்சனா சுட்ட தோசையைப் பிய்க்க முடியவில்லை, முழுசாக மடித்து வாயில் திணித்துக்கொண்டார்கள். தேங்காயைக் கல்லில் ஓங்கி அடித்தால் பந்து மாதிரி எகிறியதே தவிர உடையவில்லை, பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோய் உடைத்து வாங்கிவந்தார்கள். விறகு பிளக்கவில்லை. சுலோச்சனா தலைவாரும்போது வகிடு எடுக்க முடியாமல் எல்லா முடியையும் பின்னால் தள்ளி முடிந்துகொண்டாள், அதுவும் அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஓயாமல் சண்டை போட்டுவந்த புருஷனும் பெண்டாட்டியும் எந்தப் பேச்சை எடுத்தாலும் ஒரே பக்கமாகவே நின்றார்கள். ஊர் இதற்கெல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது. பேசாமல் இருக்கும் தம்பதிகளை உறவுக்காரர்கள் கூட்டிவந்து கொட்டகையில் அரைமணி நேரம் உட்கார வைத்துக் கூட்டிப்போனார்கள். மினி பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்துக்கு எண் வீடு என்று பெயர் வைத்துவிட்டான். ஆடு மேய்க்கிறவர்கள் அந்த வழியாகப் போகும்போது மூன்றுகளின் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எண் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யார் வீட்டுக்கு வந்தது என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள், அதைத்தான் நாச்சிமுத்துவால் தாங்க முடியவில்லை.

தடம் பொது. தடத்தில் வந்தது எப்படி அவனுடையது மட்டும் ஆகும். தெற்கே திரும்பிய ஏழு வடக்கே திரும்பியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும். எனக்கு மோர் கொடுக்கத் தெரியாதா. இப்படியே புழுங்கிக்கொண்டு நாச்சிமுத்து அமாவாசைக்காகக் காத்திருந்தான். எண் எங்கே இருந்தாலும் அக்கா வந்துவிடுவாள், அவள் வந்தால் போதும், அந்தக் கொட்டகையில் எத்தனை எண் வேண்டுமானாலும் குடியிருக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

அமாவாசை கழிந்தது. மறுநாள் வள்ளியாத்தாள் வரவில்லை. நாச்சிமுத்து தடத்தில் போய் நின்றான். அவள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"கால் வரமாட்டேங்குது கண்ணு" என்றாள். "வரோணும்னு நெனக்கறேன். படி தாண்டுனா ரெண்டா ஆயிருவேனாட்ட இருக்குது."

"அவன் புடிச்சு வெச்சிருக்கறானாக்கா?"

"ஆரும் புடிக்கல. இத்தன வருசமா எப்படித் தாண்டுனேன்னுதான் எனக்குத் தெரியல."

உள்ளேயிருந்து சிகாமணி எட்டிப் பார்த்து, ஏனுங்ணா, வந்து அக்காளப் பாத்துட்டுப் போங்க, நானா வேண்டாங்கறேன் என்றான். நல்ல மாதிரியாகத்தான் சொன்னான். நல்ல மாதிரியாகச் சொன்னதுதான் நாச்சிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு வளர்பிறையிலேயே அவனுக்குக் காய்ச்சல் வந்தது, பாவாத்தாளே பயந்துபோனாள்.

பஞ்சாயத்து கூடியது. பொதுத் தடத்தில் வந்த பொருள் பொதுச் சொத்து, ஆளுக்குப் பாதி என்று பெரியவர்கள் யோசிக்காமல் தீர்ப்புச் சொன்னார்கள். ஆளுக்கு மூன்று கோடியே அறுபத்தொன்பது லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்து ஐந்நூற்று அறுபத்தாறு கொடுத்தால் ஒன்று மிச்சம் நின்றது. மிச்சத்தை வெட்டு என்றார்கள். ரம்பம் கொண்டுபோனார்கள், அந்தக் கொட்டகைக்குள் எது அறுந்தது. பல் மழுங்கி, ரம்பம் வளைந்து, ஆசாரி கோபித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டால் போகாவிட்டால் என்ன, மூன்று பங்காகவோ ஏழு பங்காகவோ போட்டு அப்புறம் சேர்த்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லி, பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் எஸ்தரைக் கூப்பிட்டார்கள். அந்தம்மாள் தன் வகுப்பையே கூட்டிவந்து கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் வகுக்க ஆரம்பித்தாள். மூன்றால் வகுத்தார்கள், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் வகுத்தார்கள். சுவர் நிறைந்து தரைக்கு வந்து, தரை நிறைந்து தடத்துக்கு வந்து, எட்டாயிரத்து அறுநூறு வரைக்கும் பார்த்தால் போதும் அதற்குமேல் தேவையில்லை என்று டீச்சர் சொன்ன எல்லையைத் தொட்டு நிமிர்ந்தபோது, எதனாலும் போகவில்லை.

இது பகா எண் என்றாள் எஸ்தர் டீச்சர். ஒன்றுக்கும் தனக்கும் தவிர வேறு எதற்கும் இது பங்கு கொடுக்காது என்று விளக்கினாள். கூட்டத்தில் ஒருத்தர் அதை ஊர்ப்பாஷையில் திருப்பிச் சொன்னார்: இதுக்குப் பங்காளியே கெடையாது.  பங்காளியே இல்லாமல் ஒன்று உலகத்தில் இருக்க முடியும் என்று கூறாம்பாளையத்தில் யாரும் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. சிலர் கும்பிட்டார்கள். நாச்சிமுத்து கும்பிடவில்லை, அவனுக்கு வயிறு எரிந்தது. மனிதர்கள் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தவன் அன்றைக்கு முதல்முறையாக ஓர் எண்ணின் மேல் பொறாமைப்பட்டான்.

அவன் அறிவுக்கு எட்டியது இதுதான்: இத்தனை நீளமாக இருப்பதால்தான் இது இவ்வளவு கெட்டி, வாலைக் கொஞ்சம் நறுக்கிவிட்டால் கோவணம் அவிழ்ந்த மாதிரி தானாக உதிரும், உதிர்ந்தால் தெற்கு வீட்டின் கட்டு அவிழும், அக்கா படி தாண்டுவாள். ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற மத்தியான வெயிலில், கையில் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு கொட்டகைக்குப் பின்பக்கமாகப் போய், கடைசி மூன்றுக்கு ஒரு கொத்து நீட்டினான். அறுத்தால் வராதது ஆசை காட்டினால் வந்தது. அந்த மூன்று தன் பிடியை விட்டுவிட்டு அவன் பின்னாலேயே நடந்து வடக்கு வீட்டுக்குள் வந்து நெல் குதிரின் மறைவில் நின்றது.

யார் கொண்டுபோனது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, பங்காளி வீட்டில் எடுப்பது அங்கே திருட்டில் சேராது. டீச்சர் மட்டும் சாக்கட்டியோடு வந்தாள். மிஞ்சியது எழுபத்து மூன்று லட்சத்துத் தொண்ணூற்று மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று. அதுவும் எதனாலும் போகவில்லை. நாச்சிமுத்து இன்னொரு மூன்றைக் கூட்டிவந்தான், அதுவும் போகவில்லை. ஒன்றைக் கூட்டிவந்தான், ஒன்பதைக் கூட்டிவந்தான். வெட்ட வெட்ட அது குட்டையானதே தவிர உடையவில்லை. டீச்சருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இப்படி வாலை நறுக்க நறுக்கக் கடைசிவரை உடையாமல் நிற்கிற எண்கள் மொத்தம் நூறுகூடத் தேறாது, அதில் நம் ஊருக்கு வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது, குறைத்தால் இது உடையாது, பின்னால் ஏதாவது ஒன்றைச் சேர்த்தால்தான் உடையும் என்று அவள் நாச்சிமுத்துவிடமே சொன்னாள். சேர்ப்பது என்ற பேச்சு கூறாம்பாளையத்தில் யார் காதில் ஏறும்.

வடக்கு வீட்டிலோ கதை வேறாக இருந்தது. முதல் மூன்று தனியாக இருந்தவரை சும்மா இருந்தது. இரண்டாவது மூன்று வந்து சேர்ந்து முப்பத்து மூன்று ஆனதும் மூன்று பதினொன்றுகளாகப் பிரிந்து மூலைக்கொன்றாகப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவற்றோடு ஒன்றும் சேர்ந்து நூற்று முப்பத்து மூன்று ஆனபோது ஏழு பத்தொன்பதுகளாகச் சிதறிச் சமையல்கட்டில் கால் வைக்க இடமில்லாமல் நின்றன. அன்றிலிருந்து அந்த வீட்டில் இருந்த முழுப் பொருளெல்லாம் விரிசல் விட ஆரம்பித்தது. குடம் பிளந்தது, கதவு நெட்டுக்குப் பிளந்தது, ஏற்கெனவே பாதியாக இருந்த கட்டில் கால்பங்கானது. பாவாத்தாள், நீங்க உங்க அக்காளையே கட்டிக்கிட்டு அழுங்க என்று சொல்லிவிட்டுப் பாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நாச்சிமுத்துவுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை, ஆனால் கண் மட்டும் தெற்கு வீட்டு வாசற்படியிலேயே இருந்தது.

அங்கே வள்ளியாத்தாளுக்கும் வால் குறைந்துகொண்டிருந்தது. எண்ணின் கடைசியிலிருந்து ஒன்று போகப் போக, அவள் ஆயுசின் கடைசிப் பக்கத்து வருஷங்கள் போய்க்கொண்டிருந்தன. முதலில் எண் வந்ததை மறந்தாள். அப்புறம் வீடு பிரிந்ததை மறந்து, நடுச்சுவரைத் தொட்டுப் பார்த்து இதை யார் கட்டினார்கள் என்று கேட்டாள். சுலோச்சனாவைப் பார்த்து நீங்க எந்த ஊருங் என்று விசாரித்தாள். நரைத்த தலையும் சுருங்கிய கையும் அப்படியேதான் இருந்தன. பேச்சு மட்டும் நாற்பது வயசுக்காரியாகி, முப்பதாகி, இருபதானது. புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்வதற்கும் இல்லை. அந்தந்த வயசில் அவள் முழுசாக இருந்தாள், ஒரு குறையும் சொல்ல முடியாதபடி சிரித்துக்கொண்டு இருந்தாள். குறைந்துபோனது அவளுக்குத் தெரியவில்லை, சுற்றி இருந்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

ஒன்பது போய், மூன்று போய், இன்னொரு ஒன்பதும் போய், கொட்டகையில் ஏழும் மூன்றும் மட்டும் மிஞ்சிய அன்று நாச்சிமுத்து தெற்கு வீட்டு வாசலில் போய் நின்றான். வள்ளியாத்தாளுக்கு அப்போது பத்து வயது. உள்ளே சிகாமணி தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"நாச்சி" என்று ஓடிவந்தாள் வள்ளியாத்தாள். "எங்க போனே, தேடிட்டே இருந்தேன். எந் தங்கம், எம் பட்டு." அவன் நரைத்த மீசையைத் துடைத்துவிட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தாளு ஆரு? காத்தால இருந்து அழுதுட்டே இருக்கறாரு. நம்ம அம்மா வந்ததும் சொல்லோணும்."

சிகாமணி இன்னும் பிறந்திருக்கவில்லை. நாச்சிமுத்து ஆயுசு முழுக்க எதற்காக ஏங்கினானோ அது கைக்கு வந்துவிட்டது: பங்கு கேட்க யாருமில்லாத அக்கா. அவனுடைய காய்ச்சல் அந்த நொடியில் சில்லென்று இறங்கியது. அழுகிற தம்பியைப் பார்க்க அவனுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை அவனே வெளியில் சொல்ல மாட்டான், நாம்தான் சொல்ல வேண்டும். வா போகலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். படிவரைக்கும் வந்தாள். படி தாண்டவில்லை. கால் வரவில்லை என்று கண்ணைக் கசக்கினாள்.

அங்கேயே விட்டிருந்தால் கெட்டிக்காரன். ஆனால் பாதி கிடைத்தவனுக்கு மீதியையும் பார்க்காமல் இருக்க முடியுமா. இரண்டே இரண்டு இலக்கம்தானே, ஏழு அங்கேயும் மூன்று இங்கேயுமாகப் பிரித்துவிட்டால் தீர்ந்தது என்று நேராகக் கொட்டகைக்குள் போய், சிகாமணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கீரைகூடக் காட்டாமல் அந்த மூன்றைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

ஏழு தனியாக நின்றது. அதுவும் உடையவில்லை. ஒன்றும் ஏழும் தவிர அதற்கு யார் பங்காளி.

வள்ளியாத்தாள் வாசற்படியில் உட்கார்ந்து புளியங்கொட்டையில் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழு வயது. நாச்சிமுத்து போய் எதிரில் குந்தினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்; வாசலில் வந்து நிற்கிற எத்தனையோ பெரியவர்களைப் பார்ப்பதுபோல மரியாதையாக, கொஞ்சம் பயத்தோடு பார்த்தாள்.

"அப்பா தோட்டத்துக்குப் போயிருக்கறாருங்க" என்றாள். "நீங்க ஆருங்க?"

 நானும் அழுதுகொண்டிருப்பவனும் உன் தம்பிகள் என்று நாச்சிமுத்து எப்படிச் சொல்வான். எனக்குத் தம்பி ஒண்ணும் இல்லீங்களே என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது. அவள் அதற்குள் கொட்டைகளைத் தூக்கிப் போட்டுப் புறங்கையில் பிடித்து, தானே கைதட்டிக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டாள். இடுப்பில் யாருமில்லாமல், கையில் யாருமில்லாமல், ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அவன் பார்த்ததே இல்லை. தான் இல்லாத உலகம் ஒன்று இருந்திருக்கிறது, அதில் அக்காவுக்கு ஒரு குறையும் இருந்திருக்கவில்லை என்பது அவன் நெஞ்சில் கடப்பாரையாக இறங்கியது.

அவன் எழுந்து வீட்டுக்குப் போனான். மூலையில் முறைத்துக்கொண்டு நின்றவற்றையெல்லாம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்து, வந்த வரிசை மாறாமல் நிறுத்தி, வெயிலில் தடத்தின் வழியாக நடத்திக்கொண்டு போனான். ஊரே பார்த்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற ஒருத்தனை அந்த ஊர் அப்போதுதான் பார்க்கிறது. சிகாமணி எழுந்து வந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டான். இருவருமாக மூன்றை ஏழோடு சேர்த்தார்கள், ஒன்பதை மூன்றோடு சேர்த்தார்கள், ஒவ்வொன்றாகச் சேரச் சேர வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளுக்கு வருஷங்கள் வந்தன. அம்மா செத்தது வந்தது, அழுதாள். நாச்சிக்கு அம்மை போட்டது வந்தது, சிகாமணியைப் பாம்பு கடிக்கப் பார்த்தது வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசி மூன்றும் சேர்ந்தபோது வீடு பிரிந்த நாளும் எண் வந்த நாளும் வந்தன. வள்ளியாத்தாள் எழுந்து நின்றாள்.

"அன்னிக்குப் பங்கு போட்டப்ப நாம எத்தன பேரு நின்னோம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேருக்கா" என்றான் நாச்சிமுத்து.

"நானு எங்க நின்னேன்?"

அவன் யோசித்தான். மறைக்கத் தெரியவில்லை. "நீயி... அண்டாவுக்குப் பக்கத்துல."

 வள்ளியாத்தாள் கொட்டகைக்குள் போனாள். எட்டு இலக்கங்களையும் தாண்டி வாலுக்குப் போய், கடைசி மூன்றின் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கைகளை உடம்போடு ஒட்டவைத்து நேராக நின்றாள். பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது ஒன்று என்று தெரிந்தது. எஸ்தர் டீச்சர் சாக்கட்டியை எடுக்கவே இல்லை. இலக்கங்களை வாய்க்குள் கூட்டிப் பார்த்தாள், முப்பத்தெட்டாக இருந்தது முப்பத்தொன்பதாகியிருந்தது.

"மூணால போகும்" என்றாள்.

எண் பெருமூச்சு விட்டு மூன்றாகப் பிரிந்தது. மூன்றும் ஒரே அளவு, ஒவ்வொன்றும் இருபத்து நாலு கோடியே அறுபத்து நாலு லட்சத்து அறுபத்து மூவாயிரத்து எழுநூற்று எழுபத்தேழு, ஒரு மிச்சமும் இல்லை, வெட்டிச் சாய்க்க எதுவும் இல்லை. மூன்று வரிசைகளும் கொட்டகையை விட்டு வெளியே வந்து, வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றும் கிணற்றடிப் பக்கம் ஒன்றுமாக நடந்து, ஊரைத் தாண்டிப் போய்விட்டன. வள்ளியாத்தாள் நின்ற இடத்திலேயே நின்றாள். அப்புறம் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு படி தாண்டினாள். நாச்சிமுத்து கையை நீட்டினான், சிகாமணியும் நீட்டினான். அவள் பெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. கிணற்றடியில் இருந்த மோட்டார் ரூமைக் கூட்டிப் பெருக்கி அங்கே குடியேறினாள்.

பஞ்சாயத்துக்காரர்கள் மூன்றால் வகுத்துப் பழக்கமில்லாமல் கொஞ்ச நாள் திணறினார்கள். பொம்பளைக்குப் பங்கா என்று ஒன்றிரண்டு பேர் எழுந்து பேசினார்கள். எண்ணே போட்டுக் காட்டிய பங்கை இல்லை என்று சொல்ல அவர்களுக்கே தைரியம் வரவில்லை, உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கு இரண்டு தென்னையை விட்டுக்கொடுத்தார்கள். கிணற்றடி அவளுக்கு என்று ஆனது. அவள் மோட்டார் ரூமுக்கு ஒரு ஜன்னல் வைத்தாள், வெண்டை போட்டாள், இரண்டு வீட்டுக்காரர்களும் தண்ணீருக்கு வந்தால் வாங்க என்றாள், போகும்போது போயிட்டு வாங்க என்றாள். வளர்பிறையும் தேய்பிறையும் அவள் பாட்டுக்கு வந்து போயின.

தை பிறந்து ஒரு நாள் அவள் தம்பிகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சிகாமணி முதலில் வந்து சாப்பிட்டுப் போயிருந்தான். நாச்சிமுத்து இலையில் உட்கார்ந்து, கழுவிக் கவிழ்த்திருந்த கரண்டியைப் பார்த்தான், குழம்புச் சட்டியில் எதுவரைக்கும் குறைந்திருக்கிறது என்று பார்த்தான். அக்கா போட்ட கறித்துண்டுகளைக் கண்ணாலேயே எண்ணினான். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள் வள்ளியாத்தாள். சாப்பாடு பாதியில் இருக்கும்போது, பால்குடி மறந்த நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த கேள்வியை, தலையைத் தூக்காமல், சோற்றைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டுவிட்டான்.

"அக்கா. எங்க ரெண்டு பேர்த்துல உனக்கு ஆருமேல பிரியம் ஜாஸ்தி?"

வள்ளியாத்தாள் அவசரப்படாமல் ரசத்தைக் கலக்கி அவனுக்கு ஊற்றினாள்.

"உன்னையும் புடிக்கும், அவனையும் புடிக்கும்" என்றாள். "ஆனா அன்னிக்கு வாசப்படியில உக்காந்து அஞ்சாங்கல் ஆடுனா பாரு ஒருத்தி, ஏழு வயசுல. ஜாஸ்தின்னா அவ மேலதான்."

நாச்சிமுத்து ரசத்தைப் பிசைந்தான். தம்பி என்றால் சுவரில் காதை வைத்துக் கேட்கலாம். எண் என்றால் கீரை காட்டிக் கூட்டிவந்து குறைக்கலாம். அந்தப் பாவாடைக்காரியை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் மேல் வந்த பொறாமையோடு, இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, போயிட்டு வர்றேன் அக்கா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.